குன்னூரில் ஒரு போட்டிச் சட்ட வழக்கறிஞர்: இலை விலைக்காகவும் வெளிநாட்டு முதலீட்டுக்காகவும் போய் வந்தவரின் மதிப்பீடு

மேல் குன்னூரில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் மாடியில், நிறுவனங்கள் கூடி விலை வைப்பது போன்றவற்றைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தையும் அந்நிய முதலீட்டு அனுமதிகளையும் மட்டுமே பார்க்கும் வழக்கறிஞர் ஒருவர் அலுவலகம் வைத்திருக்கிறார். கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் சிறிய தொழிற்சாலை எங்களுடையது. ஓராண்டுக்குள் இரண்டு வேலைகளுக்காக நான் அவரிடம் போனேன், இரண்டுக்கும் கட்டணம் கொடுத்தேன். வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி. அதை மதித்து அவர் பெயரையும் முகவரியையும் இங்கே எழுதவில்லை; தேவைப்படுகிறவர்கள் குன்னூர் நீதிமன்றத்தில் யாரிடம் விசாரித்தாலும் வழி சொல்வார்கள்.

முதலில் போனது ஒரு வாட்ஸ்அப் செய்தியால். எங்கள் வட்டாரத்துத் தொழிற்சாலைக்காரர்கள் சிலர் இருக்கும் குழுவில், ஒரு திங்கட்கிழமை காலையில், தேயிலை வாரியம் பச்சை இலைக்கு அறிவித்த விலைக்கு மேல் இனி யாரும் ஐம்பது பைசாகூடச் சேர்த்துத் தர வேண்டாம் என்றும், விவசாயிகளிடம் இலை சேகரித்து ஒரு தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டிருந்த ஏஜென்ட் இன்னொரு தொழிற்சாலைக்கு மாறி வந்தால் அவர் இலையை எடுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். ஏலத்தில் தூள் விலை சரிந்திருந்த நேரம் அது; எல்லோருக்கும் நெருக்கடிதான். பத்துப் பன்னிரண்டு பேர் சரி என்று பதில் போட்டிருந்தார்கள். நானும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் எங்களுக்கு இலை கொடுக்கிற சிறு விவசாயிகளில் பாதிப் பேர் என் அப்பாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். எடை போடும்போது கழிவு பிடிப்பதைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் மனத்தாங்கலோடு இருக்கிறவர்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. சென்னையில் சட்டம் படிக்கும் என் மகள்தான், இது சட்டப்படியே தவறாக இருக்கலாம் அப்பா, யாரிடமாவது கேளுங்கள் என்று தொலைபேசியில் சொன்னாள்.

அந்தச் செய்தியை வழக்கறிஞர் என் கைபேசியிலேயே இரண்டு முறை படித்தார். படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, இதற்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்பது. கட்டைவிரல் என்றேன். கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சட்டப் புத்தகத்தைத் திறந்து, ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லுக்குப் போட்டிச் சட்டத்தின் 2ஆம் பிரிவு தரும் பொருளை எனக்குத் தமிழில் விளக்கினார்: எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, கையெழுத்து வேண்டியதில்லை, நீதிமன்றத்தில் செல்லத்தக்கதாக இருக்க வேண்டியதும் இல்லை; ஒரு புரிந்துணர்வு, சேர்ந்து செயல்படுதல், அதுவே போதும். ஒரு கட்டைவிரல் படத்தை அதற்குள் கொண்டுவந்துவிட முடியும் என்று அவர் சொன்னபோதுதான் விஷயத்தின் கனம் எனக்கு உறைத்தது.

நாங்கள் சின்னத் தொழிற்சாலைதானே மேடம், இந்தச் சட்டமெல்லாம் சிமென்ட் கம்பெனி, கூகுள் மாதிரிப் பெரியவர்களுக்கு இல்லையா என்று கேட்டேன். இந்த ஒரு கேள்விக்கு அவர் ஏறத்தாழ அரை மணி நேரம் செலவிட்டார். எனக்குக் கிடைத்த சேவையில் மிகவும் மதிப்புள்ள பகுதி அதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கும்போதும் இணையும்போதும்தான் அளவு கணக்கில் வரும். வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் உள்ள சொத்து 450 கோடி ரூபாய்க்குள்ளோ விற்றுமுதல் 1,250 கோடி ரூபாய்க்குள்ளோ இருந்தால், இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் போட்டி ஆணையத்திடம் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் உயர்த்தப்பட்ட வரம்பு அது. போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பதற்கு அப்படி எந்தக் கீழ்வரம்பும் கிடையாது. 3ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு விற்கும் விலையைப் போலவே வாங்கும் விலையையும் சொல்கிறது. அப்படிச் சேர்ந்து முடிவு செய்தாலே போட்டிக்குக் கேடு விளைந்ததாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் விழும். ஏஜென்ட்டை மாற விடாமல் தடுப்பது, யார் இலையை யார் எடுப்பது என்று பங்கு பிரித்துக்கொள்வது. அதுவும் அதே உட்பிரிவுக்குள்தான் வருகிறது.

வாரியமே விலை அறிவிக்கிறதே என்று நான் விடவில்லை. அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை 2003இல் வந்தது. தூளுக்குக் கிடைக்கும் விலையை இலை கொடுத்தவருக்கும் தொழிற்சாலைக்கும் 65க்கு 35 என்று பகிர்ந்து, அந்தக் கணக்கில் மாதந்தோறும் பச்சை இலைக்கு விலை அறிவிக்கப்படுகிறது. அது சட்டத்தின் கீழ் அரசு அமைப்பு செய்யும் வேலை. அந்த விலைக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அதற்கு மேல் ஒருவரும் கொடுக்கக் கூடாது என்று நாங்களாகக் கூடிப் பேசி அதன்மேல் ஒரு கூரை போட்டால், அந்தக் கூரைக்கு வாரியத்தின் பாதுகாப்பு எதுவும் இல்லை. இருபது ஆண்டுகளாக மாதந்தோறும் அந்த விலைப் பட்டியலைப் பார்த்து வரும் எனக்கு, இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோட்டை இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் வரைந்து காட்டியதில்லை.

தண்டனையையும் மறைக்காமல் சொன்னார். கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம் வரை, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். முடிவெடுத்த தனி நபர்கள்மீதும் வரலாம். சங்கத்தின் மீதும் வரலாம். சிமென்ட் நிறுவனங்கள்மீது 2012 ஜூனில் 6,300 கோடி ரூபாய்க்கு மேல் விதிக்கப்பட்ட அபராதம், நடைமுறைக் குறையால் 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் ரத்தாகித் திரும்பி வந்து, மறு விசாரணைக்குப் பின் 2016இல் மீண்டும் விதிக்கப்பட்ட கதையை உதாரணமாகச் சொன்னார். அந்த வழக்கைத் தொடங்கி வைத்தது கட்டுமானக்காரர்களின் சங்கம் கொடுத்த தகவல் என்பதை அவர் அழுத்திச் சொன்னதன் காரணம் எனக்குப் புரிந்தது: எங்கள் இலை விவசாயிகளின் சங்கம் ஒன்று அதே போல ஒரு மனு கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்க வேண்டும். உள்ளே இருந்த ஒருவரே முன்வந்து உண்மையைச் சொன்னால் முதலாமவருக்கு 100 சதவீதம் வரையும், இரண்டாமவருக்கு 50 சதவீதம் வரையும், மூன்றாமவருக்கு 30 சதவீதம் வரையும் அபராதக் குறைப்பு உண்டு. பீர் நிறுவனங்கள்மீது 2021 செப்டம்பரில் வந்த உத்தரவில் முதலில் போய்ச் சொன்ன நிறுவனத்துக்கு முழு அபராதமும் நீங்கியது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் என்னை டெல்லிக்கு ஓடச் சொல்லவில்லை. எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள் என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, குழுவில் போட வேண்டிய பதிலைத் தமிழில் நான்கே வரியில் எழுதிக் கொடுத்தார். இந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை, என் முந்தைய பதிலைத் திரும்பப் பெறுகிறேன், இலைக்கு நான் தரும் விலையை நானே முடிவு செய்வேன், விலை பற்றிய பேச்சு நடக்கும் குழுவில் இருக்க மாட்டேன். யாரையும் குற்றம் சாட்டும் ஒரு சொல்கூட அதில் இல்லை. மாலையே அதைப் போட்டுவிட்டு, படமெடுத்து வைத்துக்கொண்டு, குழுவிலிருந்து வெளியேறினேன். அந்த வாரம் இரண்டு பேர் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் அவர்களில் ஒருவர் என்னிடமே வந்து, அந்த அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

இரண்டாவது வேலை முதலீடு பற்றியது. சிங்கப்பூரைச் சேர்ந்த ஒரு தேயிலை வணிக நிறுவனம் எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் புதிய பங்குகளாக 26 சதவீதம் எடுத்துக்கொள்ள விரும்பியது. தொழிற்சாலையும் அதை ஒட்டிய நாற்பது ஏக்கர் தேயிலையும் அந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கின்றன. சமவெளியில் எங்கள் கணக்கைப் பார்த்து வந்த ஆடிட்டர் அலுவலகம் ஒன்று, தேயிலைக்கு 100 சதவீதம் தானியங்கி வழி, அதாவது அரசின் முன் அனுமதி தேவையில்லை, பணம் வந்ததும் பங்கு ஒதுக்கினால் போதும் என்று ஒரு வரியில் முடித்திருந்தது. இன்னொரு ஆலோசனை நிறுவனம், போட்டி ஆணைய அனுமதிக்கென்று ஒரு பெரிய தொகையைக் கட்டணப் பட்டியலில் சேர்த்திருந்தது. வழக்கறிஞர் இரண்டாவதைப் பத்து நிமிடத்தில் அடித்துவிட்டார்: எங்கள் அளவுக்கு 450 கோடியும் 1,250 கோடியும் எட்டாத தூரம், ஆணையத்துக்கு மனுவே வேண்டாம். அந்த மனுவின் சிறிய படிவத்துக்கு அரசுக் கட்டணம் மட்டுமே 30 லட்சம் ரூபாய் என்று அறிந்தபோது, அந்தப் பத்து நிமிடத்தின் விலை எனக்குத் தெரிந்தது.

முதலாவதில்தான் சிக்கல் இருந்தது. தானியங்கி வழி என்பது உண்மைதான்; தேயிலை, காபி, ரப்பர், ஏலக்காய் போன்ற சில தோட்டப் பயிர்களுக்கு 100 சதவீத அந்நிய முதலீடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, மற்றத் தோட்டப் பயிர்களுக்கு இல்லை. ஆனால் பணம் யாருடையது என்று ஆடிட்டர் அலுவலகம் கேட்கவே இல்லை. என் சட்டைப்பையில் இருந்த இலை ரசீது ஒன்றை வாங்கி, அதன் பின்பக்கத்தில் அவர் பெட்டி பெட்டியாக வரைய ஆரம்பித்தார். கீழே எங்கள் கம்பெனி, அதற்கு மேல் சிங்கப்பூர் நிறுவனம், அதற்கு மேல் அதன் பங்குதாரர்கள் மூவர். ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு கேள்விக்குறி. மூச்சுவிடும் மனிதர் ஒருவரின் பெயர் வரும்வரை மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மின்னஞ்சல்கள் போய் வந்து இரண்டு வாரம் கழித்து, மூன்றாம் அடுக்கில் ஒரு பெட்டிக்குள் ஷாங்காயில் பதிவான ஒரு நிறுவனம் வந்து உட்கார்ந்தது, 30 சதவீதத்தோடு.

இந்தியாவோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கும், அதன் பலனை இறுதியில் அனுபவிக்கும் பயன் உரிமையாளர் அந்த நாட்டவராக இருக்கும் முதலீட்டுக்கும் அரசின் முன் அனுமதி தேவை என்று 2020 ஏப்ரலில் பிரஸ் நோட் 3 என்ற அரசு அறிவிப்பு வந்தது. தொடர்ந்து அந்நியச் செலாவணி விதிகளும் திருத்தப்பட்டன. சிங்கப்பூர் என்ற முகவரியை மட்டும் பார்த்து நாங்கள் பணத்தை வாங்கியிருந்தால் ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் மீறலில் போய் நின்றிருப்போம். அவர் முதலீட்டாளரின் வழக்கறிஞர்களோடு நேரடியாகப் பேசி, அனுமதிக்கு விண்ணப்பிப்பது என்று முடிவானது. தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறைக்கு இணையவழி விண்ணப்பம் போனது. தேயிலை வர்த்தகத் துறையின் கீழ் வருவதால் பரிசீலனை அங்கே. பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு உள்துறை அமைச்சகம். பங்கின் விலை மதிப்பீட்டுச் சான்றுக்குக் கீழே போகக் கூடாது, பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 30 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டும் என்று பிறகு வரவிருக்கும் கெடுக்களையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டார். முதலீட்டாளர் தேயிலையின் ஒரு பகுதியில் தங்கும் குடில்கள் கட்ட ஆசைப்பட்டார். தேயிலை நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதென்றால் மாநில அரசின் முன் ஒப்புதல் முதலீட்டு விதியிலேயே நிபந்தனையாக இருக்கிறது என்று சொல்லி, அந்த ஆசையை ஒப்பந்த வரைவிலிருந்து வெளியே எடுத்து வைத்தார்.

பழைய கோப்புகளைப் புரட்டியபோது இன்னொன்றும் வெளியே வந்தது. 2019இல் துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகன் கம்பெனியில் பணம் போட்டு, திருப்பி எடுத்துச் செல்லும் உரிமையோடு பங்கு வாங்கியிருந்தான். அதற்குரிய எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவத்தை அதே ஆடிட்டர் அலுவலகம் தாக்கல் செய்யவே இல்லை. செய்துவிட்டதாக எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று ஆண்டுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு முடிந்திருக்கும். அதைத் தாண்டிவிட்டதால் மீறலை ஒப்புக்கொண்டு தொகை கட்டி முடித்துக்கொள்ளும் காம்பவுண்டிங் மனுவை ரிசர்வ் வங்கியிடம் போட வேண்டியதாயிற்று. அவர் முகத்தில் கோபமோ அலட்சியமோ இல்லை. எங்கள் மேல் தவறு எது, அடுத்தவர் மேல் தவறு எது என்று பிரித்துக்கூடப் பேசவில்லை. தேதிகளை வரிசையாக எழுதி, வங்கியிலிருந்து வாங்க வேண்டிய சான்றுகளைச் சொன்னார். மனு முடிந்து, தாங்கக்கூடிய தொகையோடு கோப்பு மூடப்பட்டது.

அதே தம்பி இரண்டு ஏக்கர் தேயிலையைத் தன் பெயரில் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் போகிற போக்கில் சொன்னது முன்பணம் போகாமல் காப்பாற்றியது. மலையில் இந்தத் தவறு நிறைய நடக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளவும்.

மூன்றாம் சந்திப்புக்கு என் மகளும் வந்தாள். இவ்வளவு படித்தவர் ஏன் இங்கே இருக்கிறார் என்ற கேள்வி அவளுக்கு. வழக்கறிஞர் தன் தொழில் வாழ்க்கையை ஒளிக்காமல் சொன்னார். அவர் சட்டம் படிக்கத் தொடங்கியபோது பாடத்தில் இருந்தது 1969ஆம் ஆண்டின் ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டம். போட்டிச் சட்டம் 2002இல் நிறைவேறினாலும், கூட்டு விலைக்கும் ஆதிக்கத் துஷ்பிரயோகத்துக்கும் எதிரான பிரிவுகள் 2009 மே 20இல்தான் நடைமுறைக்கு வந்தன. சென்னையில் பதிவு செய்துகொண்டு சிவில் வழக்குகள் பார்த்து வந்தவர், அந்த ஆண்டே டெல்லிக்குப் போயிருக்கிறார். 2011 ஜூன் 1இல் இணைப்புகளுக்கான பிரிவுகள் வந்தபோது இந்திய முன்னுதாரணம் என்று காட்ட ஒன்றும் இல்லை. ஐரோப்பிய ஆணையத்தின் முடிவுகளை இரவெல்லாம் படித்து, இங்கே என்ன பொருந்தும் என்று யோசித்து மனு எழுதிய நாட்களை அவர் சொன்னபோது குரலில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. அதுவரை முதலீட்டு அனுமதிகளைப் பரிசீலித்து வந்த அந்நிய முதலீட்டு மேம்பாட்டு வாரியம் 2017இல் கலைக்கப்பட்டது; 2020இல் எல்லை நாடுகள் பற்றிய விதி வந்தது; அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதலீட்டுச் சரிபார்ப்பு விதிமுறையும், 2022 ஜனவரியில் பிரிட்டனின் தேசியப் பாதுகாப்பு முதலீட்டுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஒரே பேரத்துக்குப் போட்டி அனுமதியும் முதலீட்டு அனுமதியும் தனித்தனியாகத் தேவைப்பட, இரண்டையும் தெரிந்தவர்களுக்கு வேலை வந்தது என்றார்.

ஒரு இடத்தில் சொன்ன கதையை இன்னொரு இடத்தில் மாற்றிச் சொல்லாதே, ஒவ்வொரு படிவத்தையும் மற்ற எல்லா அலுவலகங்களும் படிக்கும் என்று நினைத்து எழுது என்று மகளிடம் சொன்னார். பேரத்தின் உண்மையான நோக்கத்தை மறைத்ததாகச் சொல்லி, 2019இல் கொடுத்த அனுமதியைப் போட்டி ஆணையம் 2021 டிசம்பரில் நிறுத்திவைத்து அமேசான்மீது 202 கோடி ரூபாய் அபராதம் விதித்ததை அதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார். பாலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியாமல் இந்தத் துறைக்கு வராதே, பொருளாதாரம் ஓர் ஆண்டாவது ஒழுங்காகப் படி என்றும் சொன்னார். தாயாரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியிருக்கிறார். மனுக்கள் இணையவழி போகின்றன, விசாரணைகள் சில காணொலியில் நடக்கின்றன, நேரில் போக வேண்டுமென்றால் கோவைக்கு இறங்கி விமானம். என் மகள் இறங்கும்போது அந்த இலை ரசீதைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வேலைக்கான எழுத்துக் கருத்துரை சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. நவம்பர் மழையில் மரம் விழுந்து மின்சாரமும் இணையமும் போனது எனக்கும் தெரியும். ஆனாலும் தாமதமாகும் என்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கலாம், சிங்கப்பூர்காரர்களுக்கு நான் பதில் சொல்ல முடியாமல் தவித்தேன். கருத்துரை ஆங்கிலத்தில் முப்பது பக்கம், தமிழ்ச் சுருக்கம் இரண்டே பக்கம். என் அம்மாவும் அத்தையும் கம்பெனியில் பங்குதாரர்கள். அவர்கள் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட முழுத் தமிழ் வடிவம் வேண்டும் என்று கேட்டேன். செய்து கொடுத்தார், மிக நல்ல தமிழில். ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கினார். இந்த மலையில் இந்த வேலையைச் செய்கிறவர், தமிழ் வடிவத்தை அடிப்படைச் சேவையிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, அவரிடமும் சொன்னேன். மாடிப்படி செங்குத்தானது, பிடிகம்பி ஒரு பக்கம் மட்டும். முட்டிவலி உள்ளவர்கள் முன்பே சொன்னால் கீழ்வீட்டு முன்னறையில் உட்கார வைத்துப் பேசுகிறார்.

கட்டணம் மலிவில்லை. முதல் சந்திப்புக்கு என்னிடம் 7,500 ரூபாய் வாங்கினார், அது ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் கூடக் கேட்கவில்லை. பெரிய வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தொகையை முன்பே எழுதிக் கொடுக்கிறார். அதில் ஒரு ரூபாயும் கூடவில்லை. பட்டா, பாகப்பிரிவினை, கூடலூர் ஜென்ம நிலச் சிக்கல் இவற்றோடு போகிறவர்கள் அவரிடம் நேரத்தைச் செலவிட வேண்டாம். எனக்கும் ஓர் எல்லைத் தகராறு இருந்தது, அதைத் தொடவே மாட்டேன் என்று ஊட்டியில் ஒருவரிடம் அனுப்பிவிட்டார். தொழிற்சங்கம், வியாபாரச் சங்கம், தொழிற்சாலைக் குழு என்று எதிலாவது விலை பற்றிப் பேச்சு வருகிறவர்களும், வெளியிலிருந்து பணம் வரப்போகிறவர்களும் போகலாம். போகும்போது பங்குதாரர் பதிவேடு, வங்கிக்கு வந்த வெளிநாட்டுப் பண ரசீதுகள், கைபேசி மூன்றையும் எடுத்துப் போங்கள். கைபேசியில் எதையும் அழிக்காமல்.

அனுமதி விண்ணப்பம் இதை எழுதும்வரை நிலுவையில்தான் இருக்கிறது. அமைச்சகத்திலிருந்து இரண்டு முறை விளக்கம் கேட்டு வந்தது; இரண்டு முறையும் பதில் வரைவு முதலில் தமிழில் என் அம்மாவுக்கு வந்து, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து முடித்த பிறகுதான் டெல்லிக்குப் போனது. இந்த இரண்டுக்கும் தனிக் கட்டணம் கேட்கவில்லை.